பீர் ஓதாத புதன்கிழமை

சைதோவால் அன்று உட்கார முடியவில்லை. பீர் ஷேரோ, தரையில் விரித்திருந்த பாயைக் காட்டி அமரச் சொல்லியும், கூடாரத்தின் வாசலுக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தான்.

ஷேரோ அவனைவிட வயதில் இளையவர். ஆனால் சூரியனை நோக்கிப் பிரார்த்திக்கும் யஸீதி சமயத்தாரிடையே குருவின் இடம் பிறப்பால் வருவது. ஷேரோவின் தந்தை சைதோவின் தந்தைக்குப் பீராக, அதாவது குருவாக இருந்தவர். சிஞ்சார் மலையடிவாரத்து ஊர் எரிந்து, எல்லோரும் இந்த அகதி முகாமுக்கு வந்து சேர்ந்த பிறகும் அந்த உறவு விட்டுப்போகவில்லை.

“தங்கை எப்படி இருக்கிறாள்?” என்று கேட்டார் ஷேரோ.

சைதோ நடப்பதை நிறுத்தவில்லை.

நோஃபா சிறுமியாக இருந்தபோது, ஊரை எரித்த கறுப்புக் கொடிக்காரர்கள் அவளைக் கடத்திப் போனார்கள். சென்ற மாதம்தான், வளர்ந்த பெண்ணாகத் திரும்பக் கிடைத்தாள். தாய்மொழியான குர்து அவளிடம் ஒரு சொல்கூட மிச்சமில்லை. அரபி மட்டும் பேசினாள். அண்ணனுக்குத் தெரிந்தது சந்தை அரபி. சாப்பிடு, குளிருகிறதா, பயப்படாதே. அதற்குமேல் இருவருக்கும் பேச்சில்லை.

“விடியல் பிரார்த்தனையைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன் குருவே. என் வாயையே பார்க்கிறாள். ஒன்றும் ஒட்டவில்லை. இன்று விடிகிற நேரத்தில் வெளியே ஏதோ வண்டிச் சத்தம். பதறி எழுந்தவள், கடத்தியவர்கள் அடித்துப் பழக்கியபடி மண்டியிட்டுத் தொழ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்துக் கூடாரத்துப் பெண்கள் பார்த்துவிட்டார்கள்.”

“என்ன சொன்னார்கள்?”

“எதுவும் சொல்லவில்லை. குழாயடியில் அவளைக் கண்டதும் ஒதுங்கி நின்றார்கள்.”

“அவள்?”

“வெறுங்குடத்தோடு திரும்பி வந்துவிட்டாள்.”

அடுப்பில் தேநீர் பொங்கி வழிந்தது. ஷேரோ அதை இறக்கி வைத்தார்.

“நம் சொல் ஒன்றுகூட வாயில் இல்லாதவள் நம்மவளா, இல்லையா?” சைதோ நடப்பதை விட்டு அவர் எதிரே வந்து நின்றான். “நீங்கள் சொன்னால் இவர்கள் கேட்பார்கள். சொல்லுங்கள்.”

“நாளை சிவப்புப் புதன். அவளைக் கூட்டி வாருங்கள்.”

“புத்தாண்டு குருவே. முகாமே திரண்டு வரும்.”

“வரட்டும்.”

மறுநாள் இருட்டு கலையும்போதே முகாமுக்குப் பின்னாலிருந்த மேட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சாயம் தோய்த்த முட்டைகளைக் கூடைகளில் சுமந்து பெண்கள் வந்தார்கள். ஷேரோ ஓதுவதைக் கேட்பதற்கென்றே அடுத்த முகாமிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். அப்படியொரு குரல் அவருக்கு.

சைதோ தங்கையின் கையைப் பிடித்தபடி கடைசி வரிசையில் நின்றான்.

ஷேரோ எப்போதும் நிற்கும் முன்னிடத்துக்குப் போகவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் வந்து, நோஃபாவுக்குப் பக்கத்தில் நின்றார். கைகளைக் கட்டிக் கிழக்கே பார்த்தார்.

சூரியன் விளிம்பு காட்டியது. எல்லோரும் முதல் சொல்லுக்குக் காத்திருந்தார்கள்.

ஷேரோ வாயைத் திறக்கவில்லை.

யாரோ இருமினார்கள். தலைகள் திரும்பின. “குரலுக்கு என்ன வந்தது?” என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார்.  சைதோ பொறுக்க மாட்டாமல் தானே தொடங்கப் போனான். ஷேரோ அவன் தோளில் கை வைத்து அழுத்தினார்.

நோஃபா ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வாயும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளும் சூரியனை நோக்கி முகத்தை உயர்த்தினாள்.

வெளிச்சம் மேடு முழுவதும் பரவியது. ஷேரோ குனிந்து மண்ணைத் தொட்டு முத்தமிட்டுவிட்டு நடந்தார். கூட்டம் குழம்பிப்போய், கசமுசவென்று பேசிக்கொண்டே கலைந்தது.

சைதோ தங்கையை மேட்டில் விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினான்.

“புத்தாண்டும் அதுவுமாக ஏன் இப்படிச் செய்தீர்கள்? வருடம் முழுக்க இதையே பேசுவார்கள். நேற்று நான் கேட்டதற்கும் பதில் இல்லை, இன்று பிரார்த்தனையும் இல்லை!”

ஷேரோ நின்றார்.

“நான் ஓதியிருந்தால் எல்லோரும் என்னோடு சேர்ந்து ஓதியிருப்பார்கள்.”

“அதற்குத்தானே வந்தார்கள்?”

“ஆமாம் சைதோ. அவள் மட்டும் தனியாக நின்றிருப்பாள்.”