குதித்துக் கொடுத்தவர்

"மாஸ்டர், என் உடம்புல இருந்து அந்தப் பன்னிரண்டு வருஷத்தை உருவி எடுத்துடுங்க."

வந்ததும் வராததுமாக ஜோதிலிங்கம் இதைத்தான் கேட்டார்.

பிரிசில்லா மாஸ்டர் தரை விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜோதிலிங்கத்தை விட நாலைந்து வயது சின்னவர். உயரமும் அவர் தோள் வரைக்கும்தான். வண்ணாரப்பேட்டையில் ஒரு இரும்புக்கடையின் மாடியில் ஜூடோ சொல்லிக்கொடுக்கிறார்.

"என்ன ஆச்சுண்ணா?"

"வீடியோ பாக்கலையா? ஊரே பாத்துச்சே."

மாஸ்டரும் பார்த்திருந்தார். பார்க்காத மாதிரி நின்றார்.

ஜோதிலிங்கம் பன்னிரண்டு வருஷம் ரெஸ்லிங் ஷோவில் இருந்தவர். யார் ஜெயிக்க வேண்டும் என்று முன்னாடியே பேசி வைத்துக்கொண்டு மோதுகிற ஷோ. அங்கே ஒருவன் இன்னொருவனைத் தலைக்கு மேல் தூக்கினால் அது ஒருவன் செய்யும் வேலை இல்லை. தூக்கப்படுகிறவன் சரியான நேரத்தில் குதித்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தூக்குகிறவனின் இடுப்பு போய்விடும்.

குதித்துக் கொடுப்பதில் ஜோதிலிங்கம் கெட்டிக்காரர். ஒல்லிப் பையன்கள் கூட அவரைத் தூக்கிப் பேர் வாங்கினார்கள். விசில் எல்லாம் தூக்கியவனுக்கு.

முப்பத்தாறு வயதில் அவருக்கு ரோஷம் வந்தது. ஒரு தடவையாவது நிஜமாகச் சண்டை போட்டுப் பார்க்க வேண்டும் என்று கூண்டுச் சண்டைக்குப் போனார். குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம். எதையும் முன்னாடியே பேசி வைப்பது கிடையாது.

முதல் சண்டையில் எதிராளி அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். அவனால் முடிந்திருக்காது. ஜோதிலிங்கம் பழக்கதோஷத்தில் குதித்துக் கொடுத்துவிட்டார். அந்த வீடியோதான் ஊரெல்லாம் சுற்றியது.

எதிராளிக்கு ஒத்தாசை செய்து தோற்றவர் உலகத்தில் இவர் ஒருத்தராகத்தான் இருக்க வேண்டும். இந்தக் கதையைச் சொல்லக் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ரொம்பப் பாவமாக இருந்தது.

"அடுத்த சண்டையிலயும் தோத்தா இனிமே கூப்பிட மாட்டோம்னுட்டாங்க மாஸ்டர். எடுத்துடுங்க அதை."

மாஸ்டர் துணியை ஓரமாகப் போட்டார்.

"வாங்கண்ணா. நான் உங்களைத் தூக்கப் போறேன். குதிக்காம நில்லுங்க."

மாஸ்டர் அவர் இடுப்பைப் பிடித்தார். ஜோதிலிங்கம் குதித்தார்.

"மறுபடியும்."

மறுபடியும் குதித்தார்.

ஜோதிலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? கால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

"நான் இன்னும் தூக்கவே ஆரம்பிக்கலையே. எப்படிக் குதிச்சீங்க?"

"நீங்க மூச்சை இழுத்தீங்க. இடது குதிகாலை அழுத்துனீங்க."

"அதெல்லாம் தெரியுதா?"

"தெரியாம? தூக்கப் போறவங்க எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க."

"என்கிட்ட கத்துக்கிற பசங்களுக்கு எப்பத் தெரியும் தெரியுமா?"

"எப்ப?"

"கீழ விழுந்தப்புறம்."

ஜோதிலிங்கம் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். கீழே கடையில் யாரோ கம்பி அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த சண்டை யார்கூட?"

"எண்ணூர்ப் பையன் ஒருத்தன்."

"வீடியோ பாத்திருப்பானா?"

"பாக்காம இருப்பானா? என்னை எப்படித் தூக்கலாம்னு இந்நேரம் பிராக்டீஸ் பண்ணிட்டு இருப்பான்."

"வேற ஏதாவது பண்ணுவானா?"

"எதுக்குப் பண்ணணும்? நான்தான் குதிச்சுக் குடுத்துடுவேனே. அவன் நேரா வந்து இடுப்பைத்தான்..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

மாஸ்டர் துணியை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

"காலையில வாங்கண்ணா. குதிக்கலாம்."

சண்டையன்று ஜோதிலிங்கம் கூண்டுக்குள் நுழைந்ததுமே கூட்டம் "குதி, குதி" என்று கத்தியது. அவர் சட்டை செய்யவில்லை. மாஸ்டர் கூண்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எண்ணூர்ப் பையன் சுற்றி வளைக்கவில்லை. நேராக வந்து இடுப்பைக் கட்டினான்.

மூச்சை இழுத்தான்.

ஜோதிலிங்கம் குதித்தார். பிடி இறுகுவதற்கு ஒரு கணம் முன்னால், பக்கவாட்டில். இறங்கும்போது பையனின் முதுகுக்குப் பின்னால் இருந்தார். கை அவன் கழுத்தைச் சுற்றியிருந்தது.

பையன் கொஞ்ச நேரம் திமிறினான். அப்புறம் விட்டுவிடச் சொல்லி அவர் முழங்கையைத் தட்டினான்.

ஜோதிலிங்கம் உடனே விட்டார். கை கொடுத்து எழுப்பியும் விட்டார்.

பையன் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"வீடியோல வேற மாதிரில்ல குதிச்சீங்க, அண்ணே?"

"அதே குதிதான் தம்பி. இது எனக்காகக் குதிச்சது."