தலைப்பில்லாத வாளி

“என் கவிதைய அந்தம்மாகிட்ட கொடுத்தது தப்பு டீச்சர்.”

தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற சிங்காரவேலு தாளை நீட்டினார்.

மாதங்கி டீச்சர் நூலக மொட்டைமாடியில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் அங்கே அவர் நடத்தும் கவிதை வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் புழங்கும் ஏதாவது ஒரு பொருளை வாழ்த்திப் புதுக்கவிதை எழுத வேண்டும். தலைப்பை எடுத்துவிட்டு இன்னொருவரிடம் தர வேண்டும். அது என்ன பொருள் என்று அவர் அடியில் எழுதுவார். தப்பாக எழுதினால் கவிதை தொகுப்பில் சேராது.

தொகுப்பு மறுநாள் அச்சுக்குப் போகிறது.

சிங்காரவேலு எழுதியது வாளியைப் பற்றி. ‘வெறுமையும் நீயே, நிறைவும் நீயே, ஆழம் தொட்டு மீளும் அருளே’ என்று ஆரம்பித்திருந்தார்.

அடியில், மெஸ்ஸில் சமைக்கும் செண்பகவல்லி எழுதியிருந்தார்: ‘சாமி. எந்தச் சாமின்னு தெரியல.’

“புத்தகத்துல வருதுன்னு சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லியாச்சு. இனி எந்த முகத்தோட போவேன்?”

மனிதர் உண்மையிலேயே கலங்கிப்போயிருந்தார்.

“பேசலாம் சார். கீழ குழாயில ஒரு வாளி தண்ணி பிடிச்சுட்டு வாங்க. ரோஜாவுக்குப் பத்தல.”

முப்பது வருஷம், தண்ணீர் என்றதும் யாராவது கொண்டுவந்து நீட்டியே பழகியவர். முனகிக்கொண்டே இறங்கிப் போனார். திரும்பும்போது இருபத்திரண்டு படி. கை மாற்றிக் கை மாற்றித் தூக்கி, பாதி வேட்டி நனைய வந்து சேர்ந்தார்.

“அந்தம்மாவோட கவிதைய நீங்கதானே பாத்தீங்க? என்ன பொருள்னு எழுதினீங்க?”

“தேங்காய்த் துருவி.”

“சரியா?”

“சரிதான். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளையா வேணும்? கவிதைன்னே சொல்ல முடியாது டீச்சர். தேங்கா குறையக் குறைய பல்லு விரல் பக்கமா வருதாம். படிக்கிறப்பவே நான் விரல மடக்கிக்கிட்டேன்.”

டீச்சர் ரோஜாத் தொட்டியில் காய்ந்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

சிங்காரவேலு வாளியை இறக்கி வைத்தார். உள்ளங்கை எரிந்தது. திருப்பிப் பார்த்தார். கைப்பிடிக் கம்பி அழுத்திய இடத்தில் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு.

அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு தாளைத் திருப்பினார். பின்பக்கம் காலியாக இருந்தது.

“பேனா கொடுங்க டீச்சர். அந்தம்மா கீழ கிளம்பிட்டிருக்காங்க, இன்னும் பத்து நிமிஷம் இருக்கச் சொல்லுங்க.”