எண்ணெய் குடித்துத் தீராத பலகை

கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள், பிள்ளைகளே; பெரியவர்களும் வரலாம். முன்னொரு காலத்தில், சில வருஷமாக மழையே எட்டிப் பார்க்காத ஒரு கடற்கரைச் சீமையை ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். கோபம் மட்டும் மூக்குக்கு மேலேயே இருக்கும்.

பசித்த ஊருக்கு அக்கரையிலிருந்து நெல் கொண்டுவர அவர் ஒரு கப்பல் கட்டச் சொன்னார். கட்டியவர் சடையன் என்ற ஓடாவி. கப்பல் கட்டும் தச்சரை அந்தக் கரையில் அப்படித்தான் அழைப்பார்கள். முன்புறத்துப் பெரிய பலகைக்காக, தன் தகப்பனார் நட்ட மரத்தையே வெட்டி உலர்த்திக் கொடுத்திருந்தார் ராஜா. அதில் அவருக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

கட்டி முடித்ததும் மரத்துக்குப் புன்னை எண்ணெய் பூசுவது வழக்கம். மரம் வயிறு நிறையக் குடித்துவிட்டு, தானே நிறுத்த வேண்டும். அதன்பிறகுதான் குங்கிலியம் என்ற மரப்பிசினைக் காய்ச்சிப் பூசி, தண்ணீர் புகாமல் மூடுவார்கள்.

சடையன் ஒருமுறை பூசினார். எல்லாப் பலகைகளும் மடமடவென்று குடித்தன. மறுமுறை பூசினார். கொஞ்சமாகக் குடித்தன. மூன்றாம் முறை பூசினார். மற்றவையெல்லாம் மினுமினுத்தன, ராஜா கொடுத்த பலகை மட்டும் ஓரிடத்தில் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அப்படியென்றால் உள்ளே பூச்சி அரித்திருக்கிறது! சடையன் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்.

அவர் மனைவி உலகாத்தாள் பயந்துபோனாள்.

"ராசாகிட்டப் போயி உங்க மரம் உளுத்துப்போச்சுன்னு சொன்னா தலை தப்புமா? குங்கிலியத்தைக் கனமாப் பூசி மூடிருங்க. யாரு பாக்கப் போறா?"

"கடல் பாக்குமே, புள்ள. அதுல போறவங்களும் ஒரு தாய் பெத்த பிள்ளைங்கதானே" என்றார் சடையன்.

அரண்மனைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். ராஜா கொதித்துப் போனார்.

"என் தகப்பனார் நட்ட மரத்துக்கா குறை சொல்கிறாய்? அதைக் கொண்டுவந்து என் கண்முன் பிளந்து காட்டு. நல்ல மரமாக இருந்தால் உன் தலை இருக்காது!"

பலகையைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். சடையன் உளியை வைத்து அடித்தார். பலகை பிளந்தது. உள்ளிருந்து மாவு மாதிரித் தூள் கொட்டியது.

ராஜா குனிந்து அந்தத் தூளைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"ஓடாவியாரே, நன்றாகக் காய்ந்த மரம் இப்போதே எங்கே கிடைக்கும்?" என்றார் கடைசியில்.

"உங்க வாசல்லயே இருக்கு, மகராசா. வருசா வருசம் எண்ணெய் குடிச்ச தேக்கு" என்று அரண்மனையின் பெரிய கதவைக் காட்டினார் சடையன். தலை தப்பிய மனிதருக்கு வந்த தைரியத்தைப் பாருங்கள்!

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கழற்றும்" என்றார்.

கதவு பலகையானது. எண்ணெய் குடித்தது, குங்கிலியம் உடுத்தது, கடலைத் தாண்டியது. கப்பல் நெல்லோடு திரும்பிய அன்று ஊரெங்கும் அடுப்பு புகைந்தது.

அதற்குள் சனங்கள் கதவில்லாத அரண்மனைக்குள் தாராளமாக நுழையப் பழகியிருந்தார்கள். ஏரிக்கரை இடிந்திருக்கிறது என்றார் ஒருவர். காவலர் அடிக்கிறார் என்றார் இன்னொருவர். உங்கள் கோபம் அதிகம் என்றாள் ஒரு மீன்காரி. ராஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். புதுக் கதவு செய்யட்டுமா என்று சடையன் கேட்டபோது, "வேண்டாம், வருகிறவர்கள் வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

நம் குறையை நம்மிடமே அஞ்சாமல் சொல்பவர்தான் நம்மைக் காப்பாற்றுகிறவர், பிள்ளைகளே.