விருந்தாளியாகிப் போன வரிக்குதிரை

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் பட்டையன் என்ற வரிக்குதிரை, மனைவி கருவரியோடும் பால் மறக்காத ஒரு குட்டியோடும் வாழ்ந்துவந்தது.

வரிக்குதிரைகளுக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. இரண்டு குதிரைகள் எதிரும் புதிருமாக நிற்கும். இதன் தலை அதன் முதுகில், அதன் தலை இதன் முதுகில். இது கிழக்கே பார்த்தால் அது மேற்கே பார்க்கும். சிங்கம் எந்தப் பக்கம் வந்தாலும் ஒன்றின் கண்ணில் பட்டுவிடும். அப்படி நின்றுதான் பட்டையனும் கருவரியும் குட்டியைக் காப்பாற்றி வந்தன.

அதே கரையில் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஒரு விடுதி இருந்தது. கோடையில் காடெல்லாம் கருகிக் கிடந்தாலும் விடுதிப் புல்வெளி மட்டும் பச்சைப்பசேலென்று இருக்கும். ஒருநாள் பட்டையன் அங்கே மேயப் போனது. மேய்ந்தோமா வந்தோமா என்று இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மதுரையிலிருந்து மரகதவல்லி என்ற அம்மாள் தன் கணவரோடு வந்து அங்கே தங்கியிருந்தாள். காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து நீட்டினாள்.

“சாப்பிடு ராசா! என்ன அழகுடா நீ! கோலம் போட்ட மாதிரி இருக்கியே!”

அந்த அம்மாளுக்கு எல்லாருமே ராசாதான். காபி கொண்டுவருகிறவன் ராசா. ஜீப் ஓட்டுகிறவன் ராசா. சுவரில் ஓடிய பல்லிகூட ராசா. பட்டையனுக்கு அது தெரியுமா? தன்னைத்தான் சொல்கிறாள் என்று கழுத்தை நிமிர்த்திக்கொண்டது. எல்லாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பட்டையன் அப்படித் திரும்பி நின்றது, இப்படித் திரும்பி நின்றது.

இந்தக் கூத்து நடக்கும்போது, அத்திமரத்திலிருந்து வெடுக்கன் என்ற குரங்கு இறங்கியது. ஆளில்லாத மேசைகளிலிருந்து வாழைப்பழத்தையும் ரொட்டியையும் வாரிக்கொண்டு மேலே ஏறியது. அடடா, இந்தக் குதிரை நின்றால் நமக்குச் சாப்பாடு! இதை விடலாமா? குரங்கு அன்று மாலையே பட்டையனைத் தேடிவந்தது.

“அண்ணே, கேட்டீங்களா? உங்களை ராசாங்கறாங்க!”

“கேட்டேன், கேட்டேன்.”

“இனிமே நீங்க காட்டு மிருகம் இல்ல. இந்த விடுதிக்கு விருந்தாளி!”

விருந்தாளி! அந்தச் சொல் பட்டையனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இதற்கு வாழ்வுகூட வரவில்லை, ஒரு கேரட்தான் வந்தது. அதற்கே இந்த ஆட்டம்!

ஏரிக்கரைக்குத் திரும்பியதும் கருவரி கூப்பிட்டது. “வந்துட்டீங்களா! இங்க வந்து நில்லுங்க. நீங்க அந்தப் பக்கம் பார்த்தா நான் ஒரு வாய் புல்லு மேய்வேன்.”

“நானா? காவலா? விருந்தாளி எங்கயாவது காவல் நிப்பானா?”

“யாரு விருந்தாளி?”

“நான்தான்!”

“யாரு சொன்னது?”

“குரங்கு.”

“நல்ல ஆளாப் பார்த்துத்தான் கேட்டிருக்கீங்க!” என்றது கருவரி.

பட்டையன் அதைக் காதில் வாங்கவில்லை. மறுநாளும் விடுதிக்குப் போனது. அதற்கு அடுத்த நாளும் போனது. கருவரி தனியாக இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலித்துப் போனது. காவல் பார்த்தால் மேய முடியவில்லை, மேய்ந்தால் காவல் பார்க்க முடியவில்லை. வயிறு ஒட்டியது. பால் வற்றியது. குட்டி பசியில் கத்தியது. தகப்பனோ கேரட் தின்றுவிட்டு வந்து ஏப்பம் விட்டது. தூ! இதுவும் ஒரு தகப்பன்!

போகப் போகப் பட்டையனுக்குக் கேரட் போதவில்லை. நேராகச் சாப்பாட்டு மேசைக்கே போய் மூக்கை நீட்டியது. தட்டுகள் உருண்டன, கண்ணாடிக் குவளைகள் உடைந்தன. விடுதிப் பணியாளர் கோபத்தோடு கவணை எடுத்துக் கல்லெறிந்தார். அது குதிரையை விட்டுவிட்டு, மேசைக்கடியில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த குரங்கின் புட்டத்தில் போய் விழுந்தது. அன்றுமுதல் மேசைகளுக்குக் காவல் வந்துவிட்டது. குரங்கின் பிழைப்பில் மண் விழுந்தது.

“என் சோத்துல கை வெச்சியா? இருடா உனக்கு!” என்று பல்லைக் கடித்தது வெடுக்கன். ஆனால் பட்டையனிடம் வந்தபோது வாயெல்லாம் தேன்.

“அண்ணே, ஒரு சங்கதி மனசை உறுத்துது. இங்க விருந்தாளிங்க ஒருத்தரையொருத்தர் பார்த்தா முதல்ல என்ன கேக்குறாங்க, கவனிச்சீங்களா?”

“என்ன கேக்குறாங்க?”

“‘சிங்கம் பார்த்தாச்சா?’ அதான் கேள்வி. நீங்க பார்த்தாச்சா?”

“ஓ, பார்த்திருக்கேனே!”

“எப்படிப் பார்த்தீங்க?”

பட்டையன் தயங்கியது. “ஓடிக்கிட்டே பார்த்தேன்.”

“ஐயய்ய! அது கணக்குல வராது அண்ணே! கிட்டப் போகணும். நின்னு பார்க்கணும். ‘ஆஹா’ன்னு சொல்லணும். சிங்கம் பார்க்காதவன் விருந்தாளியா? வெளியில சொன்னா வெட்கக்கேடு!”

“சிங்கம் கடிக்காதா?”

“தினமும் காலையில இவங்க கிட்டப் போய்ப் பார்த்துட்டுத்தானே வர்றாங்க? ஒருத்தரையாவது கடிச்சுதா? விருந்தாளியைச் சிங்கம் தொடாது அண்ணே. அது காட்டு மரியாதை!”

மரியாதையாம், மண்ணாங்கட்டியாம்! ஜீப்பையும் அதில் இருக்கிறவர்களையும் சேர்த்து ஏதோ ஒரே பெரிய மிருகம் என்று சிங்கம் நினைத்துக்கொண்டது, அவ்வளவுதான். அதனால்தான், “யாரும் இறங்காதீங்க, எழுந்து நிக்காதீங்க, சத்தம் போடாதீங்க” என்று ஜீப் ஓட்டுகிறவர் தினமும் தொண்டை வறளச் சொல்வார். பட்டையனும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டதுதான். ஆனால் மூன்றில் சத்தம் போடக்கூடாது என்பது மட்டும் பெரிய மனிதர் பழக்கமாகத் தோன்றியதால் மனதில் நின்றது.

மறுநாள் விடிந்ததும் பட்டையன் குட்டியை எழுப்பியது. “வாடா! சிங்கம் பார்க்கப் போறோம்!”

கருவரி ஓடிவந்து குறுக்கே நின்றது. “உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? நீங்க எப்படியோ போங்க! பிள்ளையை விட்டுட்டுப் போங்க!”

“ஏன், என் பிள்ளையும் உன்னை மாதிரிக் காட்டானா வளரணுமா?” என்று சொல்லிவிட்டுக் குட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தது பட்டையன். குட்டிக்கு என்ன தெரியும்? அப்பா கூப்பிட்டால் போகும். கருவரி அழுதுகொண்டே பின்னால் ஓடியது.

ஒரு வேலமரத்தடியில் சிங்கம் படுத்திருந்தது. பட்டையன் அதன் எதிரே போய் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டது. “ஆஹா! என்ன கம்பீரம்!”

சிங்கம் ஒரு கண்ணைத் திறந்தது. அடுத்த கண்ணையும் திறந்தது. அது பிறந்ததிலிருந்து எத்தனையோ வரிக்குதிரைகளைத் துரத்தியிருக்கிறது. தானாக வந்து நின்று பாராட்டிய குதிரையை அது பார்த்ததே இல்லை.

குட்டி தகப்பனை ஒட்டிக்கொண்டு கேட்டது. “அப்பா, அவங்கெல்லாம் ஜீப்புல வருவாங்களே. நம்ம ஜீப் எங்கப்பா?”

“ஜீப் எதுக்குடா? விருந்தாளிக் களை நம்ம முகத்துலயே இருக்கு!”

தூரத்திலிருந்து கருவரி கத்தியது. “அங்க நிக்காதீங்க! ஓடி வாங்க! கண்ணு, ஓடி வாடா!”

“உஸ்!” என்று அதட்டியது பட்டையன். “சத்தம் போடாதே! சஃபாரியில சத்தம் போடக்கூடாது!”

குட்டிக்கு அவ்வளவு நாகரிகம் இன்னும் வரவில்லை. அம்மா குரல் கேட்டதும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரே ஓட்டம் பிடித்தது. கருவரி அதை முன்னால் விட்டுப் பின்னால் காத்துக்கொண்டு புழுதி பறக்க ஓடியது. ஓடும்போதும் ஒருதரம் திரும்பி, “இப்பவாவது வாங்களேன்!” என்று கெஞ்சியது. பட்டையன் அசையவில்லை.

சிங்கம் மெல்ல எழுந்து உட்கார்ந்தது. “யார்டா நீ?”

“நான் விருந்தாளி.”

“என்னது?”

“விருந்தாளி! ஏரிக்கரை விடுதிக்கு வேண்டியவன்.”

அந்த நேரம் பார்த்து விடுதி ஜீப் வந்து நின்றது. முன் இருக்கையில் மரகதவல்லி அம்மாள்! பட்டையனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “அம்மா! என்னைப் பாருங்க! நானும் சிங்கம் பார்க்கத்தான் வந்திருக்கேன்!” என்று கனைத்தது.

மரகதவல்லி அம்மாள் கணவரின் தோளைத் தட்டினாள். “ஏங்க, அது நம்ம ராசா இல்ல?”

“எல்லா வரிக்குதிரையும் ஒரே மாதிரிதான்டி இருக்கும். பேசாம கேமராவை இப்படிக் கொடு!” என்றார் அவர்.

பட்டையனின் காது தொங்கிப்போனது. இப்போதுதான் முதல்முறையாக அதற்குப் பயம் வந்தது. அம்மாள் இறங்கி வருவாள் என்று பார்த்தது. யாரும் இறங்கவில்லை. ஜீப்பில் ஏறிக்கொள்ளலாமா என்று பார்த்தது. அதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை.

சிங்கம் சிரித்தது. “விருந்தாளியா? நல்ல பேருடா! எங்க குலத்துக்கு ஒரு பழைய பேர் இருக்கு, தெரியுமா?”

“தெ... தெரியாதுங்க.”

“ஆளி! அந்தக் காலத்துல ஆளின்னா சிங்கம். இப்ப உன் பேரைப் பிரிச்சுப் பாரு. விருந்து, ஆளி. ஆளி நான். அப்ப நீ யாரு?”

பட்டையன் திரும்பி ஓடப் பார்த்தது. புல்வெளியில் நின்று போஸ் கொடுத்தே பழகிய கால்கள், ஓட்டத்தை மறந்து போயிருந்தன. பத்தடி போவதற்குள் சிங்கம் கழுத்தைப் பிடித்துவிட்டது.

“ஐயோ பாவம்!” என்று கண்ணை மூடிக்கொண்டாள் மரகதவல்லி அம்மாள். உடனே ஒரு கண்ணைத் திறந்து கணவரிடம் கேட்டாள். “வீடியோ ஒழுங்கா விழுந்துச்சா?”

“அருமையா விழுந்துச்சு! கொடுத்து வெச்சிருக்கணும்டி! வேட்டையையே பார்த்துட்டோம்!”

தன் காவலை விட்டுவிட்டுப் பிறர் புகழ்ச்சியை நம்பிப் போகிறவன், புகழ்ந்தவர்கள் வேடிக்கை பார்க்கும்போதே அழிந்துபோவான்.