ஓடையில் ஏறிய பதின்மூன்று பேர்

"எதை விட்டுட்டேன்னு மட்டும் சொல்லுங்க மேடம். நான் போய் நிம்மதியா தூங்கிடுறேன்."

இன்னாசி கொண்டுவந்த காகிதக் கட்டை மேசையில் வைத்தார். தலைக்கு வைத்துப் படுக்கிற உயரம் இருந்தது.

குமுதவல்லி கட்டைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்.

காட்டுத்தீயை அணைக்கப் போகிற ஆட்களுக்குத் தலைமை தாங்க வேண்டியவர்களுக்கான பயிற்சி வகுப்பு அது. தயாரிப்பது, நடத்துவது இரண்டையும் வனத்துறை ரேஞ்சர் இன்னாசியின் தலையில் கட்டியிருந்தார்கள். பன்னிரண்டு வனவர்கள் வருவார்கள். வகுப்பு முடிந்த கையோடு கோடை வந்துவிடும். ஆளுக்கொரு மலையில், பின்னால் இருபது முப்பது பேரை நிறுத்திக்கொண்டு, நெருப்புக்கு முன்னால் நிற்பார்கள். இன்னாசி சொல்லிக்கொடுத்ததை நம்பி நிற்பார்கள்.

அதை நினைத்தே அவர் தூக்கத்தைத் தொலைத்திருந்தார்.

குமுதவல்லியும் ரேஞ்சர்தான், அவரைவிட இரண்டு வயது இளையவர். ஆனால் காட்டுத்தீ என்று பேச்செடுத்தால் மாவட்டமே அவர் பெயரைத்தான் சொல்லும். ஒரு கோடையில் புகைக்குள் திசை தெரியாமல் நின்ற இன்னாசியை, வாக்கி டாக்கியில் "இடது பக்கம் வாங்க, இன்னும் வாங்க, நிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே வெளியே கொண்டுவந்தவர். அன்றிலிருந்து இன்னாசிக்கு அவர்தான் குரு. வயசாவது ஒன்றாவது.

கடைசிக் காகிதத்தையும் படித்துவிட்டுக் குமுதவல்லி நிமிர்ந்தார்.

"எல்லாம் இருக்கு."

"எதுவுமே விட்டுப்போகலையா?"

"காகிதத்துல எல்லாம் இருக்கு. போய்ச் சொல்லிக்கொடுங்க."

பாராட்டா, குத்தலா? வீடு போய்ச் சேரும்வரை இன்னாசிக்குப் பிடிபடவில்லை. அன்றும் தூங்கவில்லை.



வகுப்பு தொடங்கியது.

காற்றைப் பற்றிச் சொன்னார். சரிவைப் பற்றிச் சொன்னார். மணலில் மலை கட்டி, கோலப்பொடியால் நெருப்பு வரைந்து காட்டினார். இரண்டு மேடுகளுக்கு நடுவில் ஓடும் காய்ந்த ஓடையை விரலால் கீறிவிட்டு, அந்த இடத்தில் மட்டும் குரலை உயர்த்தினார்.

"கீழே தீ பிடிச்சா இது அடுப்புப் புகைக்கூண்டு. உள்ளே ஆள் இருந்தா, அவ்வளவுதான். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க ஐயா."

பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொன்னார்கள். சந்தேகம் இருக்கிறதா என்றால் இல்லைங்க ஐயா. சாப்பாடு எப்படி என்றால் நல்லா இருக்குங்க ஐயா. சாப்பாடு நல்லா இல்லை என்பது இன்னாசிக்கே தெரியும்.

மறுபடியும் குருவிடம் ஓடினார்.

"எல்லாரும் புரிஞ்சுதுங்கறாங்க மேடம்."

"நல்லதுதானே."

"எனக்குப் பயமா இருக்கு. இதுல ஒருத்தன், என் வகுப்புல உட்கார்ந்து எழுந்து போனவன், ஆளுங்களைக் கொண்டுபோய் நெருப்புல விட்டுட்டான்னா நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போவேன்?"

குமுதவல்லி எழுந்து ஜன்னல் வழியே மலையைக் காட்டினார்.

"நாளைக்கு மத்தியானம் மலைக்குக் கூட்டிட்டு வாங்க. தலைமை நான். நீங்களும் அவங்கள்ல ஒரு ஆளு."

"சரிங்க மேடம்."

இன்னாசிக்குப் பாதி உயிர் வந்தது. இனி மேடம் பார்த்துக்கொள்வார்.



மறுநாள் மலையடிவாரத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. புல் தொட்டால் நொறுங்கும் பதத்தில் இருந்தது. குமுதவல்லியைக் காணோம். குரல் மட்டும் வாக்கி டாக்கியில் வந்தது.

"மலை முகட்டுல தீ எரியுதுன்னு வச்சுக்கங்க. எதிர்ல தெரியற ஓடை வழியா மேலே ஏறுங்க. ஓவர்."

இன்னாசி ஓடையைப் பார்த்தார்.

இரண்டு பக்கமும் செங்குத்தான மேடு. நடுவில் இடுப்பளவு காய்ந்த உண்ணிச்செடியும் புல்லும். மணலில் அவர் விரலால் கீறிக் காட்டிய அதே ஓடை, நிஜத்தில்.

பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

இங்கிருந்து தெரியாத ஏதோ ஒன்று மேடத்துக்கு அங்கிருந்து தெரிகிறது போல என்று இன்னாசி நினைத்தார். காரணம் இல்லாமல் சொல்வாரா?

"சரிங்க மேடம்," என்றார் வாக்கி டாக்கியில்.

ஏறினார்கள்.

பாதி வழியில், முன்னால் போன தமயந்தி நின்றாள். பன்னிரண்டு வனவர்களில் மூத்தவள் அவள்.

"ஐயா, இந்த ஓடைதானா?"

"மேடம் சொல்றாங்கல்ல?"

"சரிங்க ஐயா."

மேலும் ஏறினார்கள். செடி முகத்தில் கீறியது. கீழிருந்து மேல்நோக்கி அடித்த காற்று முதுகுச் சட்டையை உப்பவைத்தது. இந்தக் காற்றைப் பற்றி அவரே ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்தியிருந்தார். திரும்பிவிடலாம் என்று தோன்றியது. இவ்வளவு தூரம் ஏறிவிட்டு எப்படித் திரும்புவது, மேடம் என்ன நினைப்பார் என்றும் தோன்றியது. இரண்டாவது நினைப்புத்தான் காலை இழுத்துக்கொண்டு போனது.

யாரோ இருமினார்கள். இன்னாசி தற்செயலாகத் திரும்பிக் கீழே பார்த்தார்.

ஓடை தொடங்கும் இடத்தில் குமுதவல்லி நின்றிருந்தார்.

முழங்கால் வரை காய்ந்த புல். ஒரு கையில் தீப்பெட்டி. அதிலிருந்து ஒரு குச்சியை எடுத்தார்.

"வேண்டாம்!" இன்னாசி கத்தினார். "மேடம், வேண்டாம்! ஆளுங்க இருக்கோம்!"

குமுதவல்லி காதருகே கையை வைத்துக் காட்டினார். பிறகு, விரலிடுக்கில் குச்சி இருக்கும்போதே, இடுப்பிலிருந்து வாக்கி டாக்கியை எடுத்தார்.

"சத்தம் வருது, என்னன்னு புரியல. கையில இருக்கறதுல சொல்லுங்க. என் உத்தரவு, மேலே ஏறுங்க. ஓவர்."

வாக்கி டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டார். குச்சியைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தார். காத்திருந்தார்.

பன்னிரண்டு பேரும் இன்னாசியைப் பார்த்தார்கள்.

இன்னாசி பொத்தானை அழுத்தினார். இத்தனை வருஷ வேலையில், அந்தப் பொத்தானை அழுத்தினால் வாயில் தானாக வருவது 'சரிங்க' ஒன்றுதான். இப்போதும் அதுவே நாக்கு நுனிவரை வந்தது. பயத்தோடு சேர்த்து அதையும் விழுங்கினார்.

"ஏற மாட்டோம்."

கீழே எந்த அசைவும் இல்லை. பெட்டியில் வைத்த குச்சி வைத்தபடியே இருந்தது.

"ஏற மாட்டோம் மேடம். நீங்க சொல்றது தப்பு. பதிமூணு பேரும் கீழே இறங்குறோம்."

குமுதவல்லி குச்சியைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். ஓடையை விட்டு ஓரமாக விலகி, அவர்களுக்கு வழிவிட்டார்.