கௌதாரி வாங்கிய வேலி

ஒரு காட்டில், ஓடைக்கு மேட்டுப்பக்கம், காரைப் புதர் ஒன்றின் அடியில் ஒரு கௌதாரி எட்டு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. காடு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. காடு மாதிரிதான் இருந்தது. முட்டைகளைக் கவனியுங்கள், இந்தக் கதையில் அவைதான் முக்கியம்.

கௌதாரி மரத்தில் கூடு கட்டாது. தரையில்தான் முட்டையிடும். தரையில் யார் வேண்டுமானாலும் நடந்து வரலாமே.

ஒருநாள் காலை, புதருக்குப் பக்கத்து மணலில் கீரியின் கால்தடம் கிடந்தது. தடம் புதரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தது. கௌதாரி அதைப் பார்த்தது. முட்டைகளைச் சருகால் மூடிவிட்டு, வேலி பின்னி விற்கும் முள்ளம்பன்றியிடம் ஓடியது.

"அண்ணே, உடனே ஒரு முள்வேலி வேணும்."

முள்ளம்பன்றி குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தது. அதற்கு இனிக்க இனிக்கப் பேச வராது.

"உடனேன்னா எப்படி? காட்டுக்கோழி வீட்டு வேலி பாதியில நிக்குது. அதை முடிச்சிட்டு நாளன்னிக்கு உனக்கு. விலை ஒரு குவியல் சாமை. ஆமைகிட்ட வெச்சிடு. அதோ ஒரு வேலி கிடக்குது பாரு, தொட்டுப் பாரு, இழுத்துப் பாரு. பிடிச்சா சொல்லு."

ஆமை எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் காட்டில் அப்படி ஒரு வழக்கம். வாங்குகிறவர் தன் தானியத்தை ஓடைக்கரை ஆமையிடம் கொடுப்பார். ஆமை அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். பொருள் வந்து சேர்ந்து, வாங்கியவர் "சரி" என்று சொன்னால்தான் எழுந்திருக்கும். சொல்லாவிட்டால் புயலே அடித்தாலும் அசையாது. கூலியாக ஒரு வாய் தானியம் வாங்கிக்கொள்ளும்.

"நாளன்னிக்கா? அதுக்குள்ள கீரி வந்துட்டா?" என்றது கௌதாரி.

"நான் மந்திரவாதி இல்லம்மா" என்றது முள்ளம்பன்றி.

கௌதாரி கண் கலங்கியபடி திரும்பி நடந்தது. வழியில் ஒரு பெரிய கரும்பாறை. அதன் விரிசலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"பாறைக் கடை, பாறைக் கடை. முள்வேலி பாதி விலை. இன்னிக்குக் கொடுத்தா இன்னிக்கே வரும். நாளைக்கு இந்த விலை கிடையாது."

கௌதாரி நின்றது. உடனே வேறு குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன.

"நான் மயில் பேசுறேன். சொன்னா நம்பமாட்டீங்க, வேலின்னா அதுதான் வேலி" என்றது மயிலின் குரல்.

"சொன்னா நம்பமாட்டீங்க, நான் ரெண்டு வாங்கினேன்" என்றது காட்டுப்பன்றியின் கரகரத்த குரல்.

எல்லாம் கௌதாரிக்குத் தெரிந்த குரல்கள். அதற்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

"கடைக்காரரே, வேலியை நான் ஒருதடவை பார்க்கலாமா?"

"தாராளமாப் பாருங்கக்கா. பாறையைச் சுத்தி அந்தப் பக்கம் வரணும், தூரம்தான். முட்டையைத் தனியா விட்டுட்டு வர மனசு வருமா உங்களுக்கு? உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"அப்போ தானியத்தை ஆமைகிட்ட வெச்சிடறேன்."

விரிசலுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஆமையா? அது எழுந்திருச்சு எனக்குச் சேதி சொல்றதுக்குள்ள உங்க முட்டை பொரிஞ்சு, குஞ்சு பேரன் எடுத்துடும். கீழ ஒரு பொந்து இருக்குது பாருங்க, அதுல கொட்டிடுங்க. ஆமைக் கூலியும் உங்களுக்கு மிச்சம்."

பொந்து குறுகலாக இருந்தது. கௌதாரியின் தலைகூட உள்ளே நுழையாது. போட்டதை எட்டி எடுக்க வழியே இல்லை. கௌதாரி அதைக் கவனிக்கத்தான் செய்தது. ஆனால் மணலில் பார்த்த தடம் கண்ணைவிட்டுப் போகவில்லை. வெயில் காலம் முழுக்கப் பொறுக்கிச் சேர்த்த சாமையிலிருந்து பாதிக் குவியலைக் கொண்டுவந்து பொந்தில் கொட்டியது.

கௌதாரி முட்டாள் என்று சொல்ல வாயெடுக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அது பயந்திருந்தது, அவ்வளவுதான். பயந்திருக்கிற நேரத்தில் யார் "அக்கா" என்று கூப்பிட்டாலும் சொந்தக்காரர் மாதிரிதான் தெரியும்.

மாலைவரை வேலி வரவில்லை. கௌதாரி மறுபடி பாறைக்கு ஓடியது.

"கடைக்காரரே, வேலி எங்கே?"

"கிளம்பிடுச்சுக்கா. ஓடையில தண்ணி ஜாஸ்தி, தாண்ட முடியலை. தெப்பக்காரனுக்குக் கூலி கொடுத்தா நிமிஷத்துல வந்துடும். கொஞ்சம்தான், பொந்துல போட்டுடுங்க."

ஓடையில் அப்போது கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. கௌதாரி காலையில்தான் அதை நடந்தே தாண்டியிருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. இப்போது நிறுத்தினால் முதலில் கொட்டியது வீணாகிவிடுமே என்று, மிச்சமிருந்த சாமையையும் கொண்டுவந்து கொட்டியது.

வீட்டுக்குத் திரும்பியபோது சருகு கலைந்து கிடந்தது. எண்ணிப் பார்த்தது. ஆறு முட்டைகள்தான் இருந்தன. பக்கத்தில் ஓட்டுத் துண்டுகளும் கீரியின் தடமும்.

கௌதாரி மீதி ஆறின் மேல் உட்கார்ந்துகொண்டது. தானியம் போச்சு, முட்டை போச்சு, வேலி வரப்போவதில்லை என்பதும் புரிந்துவிட்டது. யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். ஆமையிடம் கொடுக்காமல் பொந்தில் கொட்டினாயா என்று கேட்பார்கள். இனி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தது.

மறுநாள் காலை முயல் ஒன்று குதித்துக்கொண்டு வந்தது. பக்கத்துப் புல்வெளியில் குட்டி போட்டிருந்த இளம் தாய் அது. முதுகில் ஒரு கட்டுக் கோரைக்கிழங்கு.

"அக்கா, ரொம்ப உபகாரம்க்கா. நீங்க மட்டும் சொல்லலைன்னா நான் பயந்துட்டே இருந்திருப்பேன்."

"நான் என்ன சொன்னேன்?" என்றது கௌதாரி.

"பாறைக் கடை வேலியைப் பத்தித்தான். விடியக்காலம் அந்த வழியா வந்தேன். 'நான் கௌதாரி பேசுறேன், சொன்னா நம்பமாட்டீங்க, என் முட்டையெல்லாம் பத்திரம்'னு நீங்கதானே சொன்னீங்க? உங்க குரல்தான்க்கா, எனக்குத் தெரியாதா? நீங்களே வாங்கியிருக்கும்போது எனக்கென்ன பயம். கிழங்கைப் பொந்துல போடத்தான் போறேன். போற வழியில வேலியை ஒரு பார்வை பார்த்துட்டுப் போலாம்னு." முயல் சுற்றிலும் பார்த்தது. "எங்கேக்கா, காணோம்?"

கௌதாரி யோசித்தது. "இன்னும் கட்டலை, பிறகு வா" என்று சொல்லிவிட்டால் போதும். மானம் தப்பிக்கும். முயல் போய்க் கிழங்கைக் கொட்டிவிடும். பிறகு அந்தக் குட்டிகள்?

"தங்கச்சி, அது என் குரல்தான். ஆனா பேசினது நான் இல்லை" என்றது கௌதாரி. "என் சாமை எல்லாத்தையும் அந்தப் பொந்துல கொட்டினேன். வேலி வரலை. கீரிதான் வந்துச்சு. ரெண்டு முட்டை போச்சு."

முயலுக்குக் காது இரண்டும் விறைத்துக்கொண்டன. கிழங்கை அங்கேயே போட்டுவிட்டுப் பாய்ந்தது. பாறையைச் சுற்றி ஒரே ஓட்டம். மூச்சு வாங்கத் திரும்பி வந்தது.

"அந்தப் பக்கம் கடையும் இல்லை, வேலியும் இல்லைக்கா. ஒரு மைனா உட்கார்ந்திருக்குது. உண்டு கொழுத்து, தொப்பையும் தொந்தியுமா. காலடியில உங்க சாமையோட உமிதான் கிடக்குது. தொண்டையைச் செருமிச் செருமிப் பேசிப் பழகுது. என் குரல்லகூட ரெண்டு வார்த்தை பேசிப் பார்த்துச்சு. கேட்க நல்லாத்தான் இருந்துச்சு, பாவி."

கௌதாரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"சரிக்கா, அழாதீங்க" என்றது முயல். "என்கிட்ட கிழங்கு இருக்குது. உங்ககிட்ட புதர் இருக்குது. வேலியை உங்க புதரைச் சுத்தியே போடுவோம். முட்டையை நகர்த்த முடியாது, என் குட்டிகளைக் கவ்வி எடுத்துட்டு வரலாம். இடம் தருவீங்களா?"

"இதைக் கேட்கணுமா" என்றது கௌதாரி.

இருவரும் முள்ளம்பன்றியிடம் போனார்கள். இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்துக் கௌதாரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. நடந்ததை முயல்தான் சொன்னது.

முள்ளம்பன்றி முதல்முறையாகத் தலையை நிமிர்த்தியது. "மிச்சம் எத்தனை முட்டை இருக்குது?"

"ஆறு."

"காட்டுக்கோழி ஒருநாள் காத்திருக்கட்டும். அதோட குஞ்சுங்க பறக்க ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு முள்கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

முயல் இந்தமுறை கிழங்கை ஆமையிடம் கொடுத்தது. ஆமை ஏறி உட்கார்ந்தது. மாலைக்குள் புதரைச் சுற்றி இண்டு இடுக்கில்லாமல் வேலி நின்றது. கௌதாரி மூக்கால் தள்ளிப் பார்த்தது, முயல் காலால் உதைத்துப் பார்த்தது. "சரி" என்றன இரண்டும். ஆமை எழுந்தது. கீரி வந்தது, மூக்கில் முள் வாங்கிக்கொண்டு வந்த வழியே போனது.

அடுத்த நாள் காலை, எல்லா விலங்குகளும் தண்ணீர் குடிக்க ஓடைக்கு வந்த நேரத்தில், கௌதாரி ஒரு கல்லின்மேல் ஏறி நின்றது.

"எல்லாரும் கேளுங்க. பாறைக் கடை வேலி நல்லா இருக்குன்னு என் குரல் சொல்லும். அதை நம்பாதீங்க, பேசுறது ஒரு மைனா. நான் ஏமாந்துட்டேன்."

காட்டுப்பன்றி தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தது. "ஏம்மா, யாருன்னே தெரியாத ஒருத்தன் பொந்துல போடச் சொன்னா, போட்டுடுவியா? மூளையை அடைகாக்க வெச்சிட்டியா?"

சிலர் சிரித்தார்கள். கௌதாரி இறங்கவில்லை. "ஆமா, போட்டேன். நீங்க ரெண்டு வேலி வாங்கினதா உங்க குரல் சொல்லுச்சு. அதையும் நம்பித்தான் போட்டேன்."

பன்றியின் சிரிப்பு நின்றது. சேற்றைக் கிளறியது. பிறகு கரகரவென்று மெல்லிய குரலில் கேட்டது. "அந்தப் பொந்துல போட்டதைத் திரும்ப எடுக்க ஏதாச்சும் வழி இருக்குதா?"

"நீங்களுமா அண்ணே?"

"கருணைக்கிழங்கு பாதி விலைன்னான். போன மாசம்."

மயில் தோகையைச் சரிசெய்துகொண்டே, "எனக்கு மழை மையின்னு சொன்னான். தோகைக்குப் பூசினா மழையில நனையாதாம்" என்றது. காட்டுக்கோழியும் ஏமாந்திருந்தது. அது தலை குனிந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. ஆளாளுக்கு ஏமாந்திருந்தார்கள். ஆளாளுக்கு மூடி மறைத்திருந்தார்கள். அதனால்தான் அந்தக் கடை அத்தனை நாள் ஓடியது.

எல்லோரும் பாறைக்குப் போய் அதன் அடியில் நின்றார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காலடிச் சத்தம் கேட்டதும், புது ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து மைனா ஆரம்பித்தது.

"நான் மயில் பேசுறேன்" என்றது பாறை. மயில் வாயை மூடிக்கொண்டு நின்றது.

"நான் காட்டுப்பன்றி பேசுறேன்" என்றது பாறை. பன்றி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

"நான் கௌதாரி பேசுறேன். சொன்னா நம்பமாட்டீங்க—"

எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க, மைனா விரிசலில் தலையை நீட்டியது. அது யார் யார் குரலில் பேசியதோ அத்தனை பேரும் கீழே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைனா தன் சொந்தக் குரலில் ஒரு கீச்சுக் கீச்சிவிட்டுப் பறந்தது.

தானியம் திரும்பக் கிடைத்ததா? இல்லை. அது எப்போதோ மைனாவின் வயிற்றுக்குள் போயிருந்தது. மைனா எங்கே போனது என்றும் தெரியாது. வேறு ஏதாவது பாறையில் இப்போது இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டிருக்கலாம்.

அது பறப்பதை வேடிக்கை பார்க்கக் கௌதாரி நிற்கவில்லை. முட்டை குளிர்ந்துவிடும் என்று வீட்டுக்கு ஓடியது. வேலிக்குள் முயல் குட்டிகள் ஆறு முட்டைகளையும் சுற்றி ஒட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. கௌதாரி முட்டைகளைத் தொட்டுப் பார்த்தது. கதகதப்பு அப்படியே இருந்தது.

நீதி: கடையையும் பொருளையும் பார்க்காமல், திரும்ப எடுக்க முடியாத வழியில் காசைக் கொடுக்காதே, கொடுத்து ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காதே.