தக்தீரும் ஒரு துண்டு வயரும்

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் காசிம், தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யும் இடத்தில் மோட்டார் குழாயைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்துபோனார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மாலை, அந்த மோட்டாருக்கு வயரிங் செய்த அலியார், ஹஜ்ரத் கலீலுர் ரஹ்மானிடம் வந்தான். ஆறு வருடமாக அவரிடம் குர்ஆன் விளக்கம் படிப்பவன்.

"ஹஜ்ரத், மவுத்துக்கு உரிய நேரம் பிறக்கிறதுக்கு முன்னாடியே எழுதியாச்சு. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அப்ப காசிம் பாய் மவுத்தானது தக்தீர், அல்லா விதிச்சது. ஊரே அதைத்தான் சொல்லுது."

"நீ என்ன சொல்றே?"

"நான் எர்த் வயர் போடலை ஹஜ்ரத். அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டுட்டேன். யாருக்கும் தெரியாது."



"அதே மாசம் வேற எங்கே வேலை பார்த்தே?"

"நம்ம பிள்ளைங்க ஓதுற மதரஸாவிலே."

"அங்கே எர்த் போட்டியா?"

"அங்கேயும் போடலை."

"காசிம் போய் மூணு நாளாச்சு. பிள்ளைங்க அங்கேதான் தண்ணி பிடிக்குதுங்க."

"போய் மாத்தினா, ஏன் மாத்துறேன்னு கேப்பாங்க. எல்லாம் வெளியே வந்துடும். பயமா இருக்கு ஹஜ்ரத். விதிச்சதுதான் நடக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

"சரி." ஹஜ்ரத் எழுந்தார். "மக்ரிப் தொழுகைக்கு நேரமாச்சு. அங்கே போய் ஒளு செஞ்சிட்டு வர்றேன்."

செருப்பை அவர் போட்டுக்கொள்ளவில்லை.

மதரஸா பக்கத்துக் கட்டிடம்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சிமெண்ட் தரை முழுக்க ஈரம். ஹஜ்ரத் வெறுங்காலோடு அதில் இறங்கினார்.

"ஹஜ்ரத்! வேணாம்!"

அவர் திரும்பவில்லை. குழாயை நோக்கிக் கையை நீட்டினார்.

அலியார் ஓடினான். வாசலில் கால் தடுக்கியது. முழங்கால் கிழிந்தது. எழுந்து பாய்ந்து மெயின் சுவிட்சை அணைத்தான்.

மோட்டார் நின்றது. ஹஜ்ரத்தின் கைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

அலியார் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"நான் ஓடி வரலேன்னா... உங்களுக்கு இன்னிக்குன்னு எழுதியிருந்துச்சா ஹஜ்ரத்?"

"எழுதியிருக்கிறதை நான் படிச்சதில்லே, அலியார். நீ ஓடி வந்ததைத்தான் பார்த்தேன்."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு போய் வயர் கொண்டுவந்தான். எர்த் கொடுத்து முடிக்கும்வரை ஹஜ்ரத் பக்கத்திலேயே நின்றார்.

"இதைச் சொல்ல காசிம் பாய் வீட்டுக்கு நான் எப்படிப் போறது?"

"இப்ப ஓடி வந்தியே, அப்படித்தான்."